சும்மா கிடந்த பத்து நிமிடம்

கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மூளை அலை எடுக்கும் அறை பஸ்லியாவின் பொறுப்பு. வயது நாற்பத்தொன்று. தலையில் சின்ன உலோகத் தகடுகளை ஒட்டி, மூளையில் ஓடும் மின்சாரத்தைத் திரையில் கோடு கோடாக எடுப்பது அவளுக்குப் பதினேழு வருடத் தொழில். சாய்ந்தமருதிலிருந்து கொழும்புக்குப் போய் இதைப் படித்த காலத்தில், "பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு இந்தக் கரண்டு வேலை" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இன்று அதே வீட்டுப் பெண்கள், முக்காட்டைக் கழற்றித் தலையைக் கொடுக்கப் பெண்ணொருத்தி இருக்கிறாளே, அல்ஹம்துலில்லாஹ் என்கிறார்கள். ஊர் அப்படித்தான், கோபித்து என்ன செய்ய?

போன வருடம் டொக்டர் யதுசா வந்து சேர்ந்தார். தம்பிலுவில்காரி, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர். மனிதர் சும்மா கிடக்கும்போது மூளையின் எந்தப் பகுதி எதனோடு சேர்ந்து இயங்குகிறது என்று வரைபடம் போடுவது அவருடைய வேலை. அந்த வரைபடத்தில் இந்தக் கரையோரத்துத் தலைகள் ஒன்றுகூட இல்லை என்பது அவருக்குப் பெரிய குறை.

தலைகளைத் தேடிப் பிடிப்பது பஸ்லியாவின் தலையில் விழுந்தது. மனதில் இருப்பதைப் படம் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களாம் என்று அதற்குள் கதை பரவிவிட்டது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? வீடு வீடாய் ஏறி இறங்கினாள். "ஒங்கட பத்து நிமிசம் வீணாப் போகாது. அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிச் சொல்லியே நாற்பத்தெட்டுப் பேரைக் கூட்டி வந்துவிட்டாள்.

மூன்றாம் மாதம் டொக்டர் திரையைக் காட்டினார். கோடுகள் எல்லாம் மயிர் முளைத்தாற்போல் கிடந்தன.

"மூளையோட அலைக்கு மேல தசை ஆடின அலை ஏறி நிக்குது. நாற்பத்தெட்டிலயும் இப்பிடித்தான். இதுகள வெச்சு ஒண்டும் செய்யேலாது, பஸ்லியா. மிசின் பழுதா?"

மிசின் பழுதில்லை. பஸ்லியாவுக்குக் காரணம் முதல் நாளே தெரியும். கண்ணை மூடிச் சும்மா கிடங்கள் என்றால் எங்கள் ஊரில் யார் சும்மா கிடந்தார்கள்? உதடு தானாக அசையும். ஸலவாத்தோ கலிமாவோ, நாக்கு ஓதிக்கொண்டே இருக்கும். அதை அவள் பார்த்தாள், பார்த்தும் வாய் திறக்கவில்லை. அல்லாஹ்வை நினைத்துத் திக்ர் செய்கிறவரை நிறுத்தச் சொல்ல நான் யார் என்று பயந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

எல்லாவற்றையும் சொன்னாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

டொக்டர் கோபப்படவில்லை. "நீங்களே ஒருக்காப் படுங்க" என்றார். படுத்தாள். வாயை இறுக்கித்தான் வைத்திருந்தாள். எழும்பிப் பார்த்தால் அவளுடைய கோட்டிலும் அதே மயிர், மூடின வாய்க்குள் நாக்கு தன்பாட்டில் ஓதியிருக்கிறது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"திரும்ப எடுப்பம். பத்து நிமிசத்துக்கு மட்டும் ஒண்டும் ஓதாமக் கிடக்கச் சொல்லுங்க. எவ்வளவு பேர் திரும்பி வருவாங்க?"

அதுதானே கேள்வி. வாக்குக் கொடுத்தவள் அவள். வராவிட்டால் வரைபடமும் இல்லை, அவள் சொல்லுக்கு ஊரில் மதிப்பும் இல்லை.

மறுநாள் முதலில் போனது சுபைறா வீட்டுக்கு. காலையில் இடியப்பம் விற்கும் பெண், அறுபதை நெருங்குகிறவள், வாயும் கையும் ஓயாதவள். போன முறை சம்மதிக்க வைக்க நாலு நடை நடக்க வேண்டியிருந்தது.

"முதல் எடுத்தது பழுதாப் போச்சா? நான் என்ன புள்ள பிழை செஞ்ச?"

"பிழை ஒங்கடயில்ல ராத்தா, எண்ட. ஓதாமக் கிடக்கணும் எண்டு நான் சொல்லல்ல."

சுபைறா இடியப்பத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "பத்து நிமிசம்தானே. வாறன்" என்றாள்.

வந்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் படுத்தாள். உதடு அசையவில்லை. கோடுகள் சுத்தமாக ஓடின, இவ்வளவு நல்ல பதிவு அந்த அறையில் எடுத்ததே இல்லை. பக்கத்தறைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் "அருமை" என்று செய்தி அனுப்பினார். பஸ்லியாவின் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

தகடுகளைக் கழற்றும்போதுதான் பார்த்தாள். சுபைறாவின் கண்ணோரம் நனைந்து, காதுவரை தண்ணீர் இறங்கியிருந்தது.

"என்ன ராத்தா, நோகுதா?"

"நோகல்ல. சுனாமியில கடல் வந்த அண்டு எண்ட மகள் றாஹிலா போயிட்டாள். ஏழு வயசு. அண்டையில இருந்து நான் வாய சும்மா வெச்சதில்ல புள்ள. ஓதுறதால அல்லாஹ் எனக்குத் தாற அமைதி அது. விட்டா அவள்தான் வருவாள். இப்ப பத்து நிமிசமும் அவளோடதான் கிடந்த."

நாற்பத்தெட்டில் சுத்தமான முதல் பதிவு இது. ஆனாலும் பஸ்லியாவின் கை தானாக அழிக்கும் பொத்தான் பக்கம் போனது.

"இத அழிச்சிடட்டா ராத்தா? ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க."

சுபைறா எழுந்திருந்து முக்காட்டைப் போட்டுக்கொண்டாள். திரையில் நின்றுபோன கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேணாம். அவள்ட படம் ஒண்டுகூட எங்கிட்ட இல்ல, எல்லாம் கடலோட போயிட்டு. இதாவது இரிக்கட்டும்."