தாழ்மை என்று என் காதில் விழுந்தது

என் அண்ணன் என்னோடு ஆறு வருடம் பேசவில்லை. நான் ஞானஸ்நானம் எடுத்ததுதான் காரணம் என்று சபையில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படி நினைக்கும்படி சொன்னவன் நான்தான்.

ஓசூரில் இரும்பு வார்க்கிற பட்டறை ஒன்றில் பிசிறு எடுப்பது என் வேலை. அச்சிலிருந்து வெளியே வரும் துண்டுகளின் ஓரத்தில் வேண்டாத இரும்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கல்லில் பிடித்துத் தேய்த்து எடுக்க வேண்டும். இருபத்தைந்து வருடமாக அதே வேலை. அங்கே இருக்கும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. டவுன் பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தும் கண்டக்டரிடம் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்த நாட்கள் உண்டு.

சபைக்கு நான் போனது என் மனைவியால். எங்களுக்கு இரண்டாவது குழந்தையும் கருவிலேயே கலைந்துபோன சமயம் அது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். என்னோடு வேலை செய்த தெற்கத்திக்காரர் ஒருவர் தம் சபையின் பெண்கள் இரண்டு பேரை மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு அனுப்பினார். அவர்கள் வந்து உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. பாத்திரம் விளக்கினார்கள், அவளுக்குத் தலை வாரிவிட்டார்கள், போகும்போது ஐந்து நிமிடம் ஜெபித்தார்கள். பதினைந்து நாள் இப்படியே நடந்தது. பதினாறாவது நாள் அவளே எழுந்து அவர்களுக்கு டீ போட்டாள். அந்த டீயைப் பார்த்துத்தான் நான் சபைக்குப் போனேன். ஒரு வருடம் கழித்து இருவரும் ஞானஸ்நானம் எடுத்தோம்.

அண்ணன் அப்போது கோபப்படவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மானாவாரி நிலமும் ஒரு போர்க்கிணறும் வைத்துக்கொண்டு அண்ணன் விவசாயம் பார்க்கிறார். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர்கள் அவரும் அண்ணியும்தான். போனில் விஷயத்தைச் சொன்னபோது அண்ணன் முதலில் என் மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பிறகு, “உன் பொண்டாட்டி எழுந்து நடமாடுறாளே, அது போதும்” என்றார்.

அதற்கு நாலு மாதம் கழித்து ஆடியில் ஊரில் படையல் வந்தது. நானும் மனைவியும் போனோம். அண்ணி பகல் முழுக்க விரதம் இருந்து சமைத்து, படைத்து முடித்து, முதல் இலையை எனக்குப் போட்டார். படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று நான் தீர்மானித்திருந்தேன். அது என் மனசாட்சி. அதை மெதுவாகச் சொல்லியிருக்கலாம், வயிறு சரியில்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சத்தமாகப் பேசாத நான் அன்றைக்குப் பேசினேன். புது விசுவாசியின் வீறாப்பு அது. இலையைத் தள்ளிவிட்டு, “பேய்க்குப் படைச்ச சோறு எனக்கு வேணாம்” என்றேன்.

அண்ணியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அண்ணன் எழுந்து வெளியே போனார். அன்றைக்குப் போனவர் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. போன் செய்தால் மணி அடித்து நின்றுவிடும்.

சபையில் ஒவ்வொரு வாரமும் ஜெபக் குறிப்பு கேட்பார்கள். எனக்கு எழுந்து நின்று பேச வராது என்பதால் பாஸ்டரே எனக்காகச் சொல்லிவிடுவார்: “நம்ம பிரதரோட அண்ணன் மனசு இளகணும்.” எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். விசுவாசத்துக்காகக் கூடப்பிறந்தவரை இழந்தவன் என்று அந்தப் பார்வையில் ஒரு மரியாதை இருக்கும். ஒருமுறை பாஸ்டர் பிரசங்கத்திலேயே என்னை உதாரணமாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூச்சம் என்று நினைத்திருப்பார்கள். அந்த மரியாதை எனக்கு இனித்தது. அண்ணன் பேசாதது உள்ளே வலித்துக்கொண்டே இருந்தது. வெளியே அதை ஒரு மெடலைப் போலக் குத்திக்கொண்டு திரிந்தேன். இரண்டையும் ஒரே மனதில் எப்படி வைத்திருந்தேன் என்று இப்போது யோசித்தால் புரியவில்லை.

எங்கள் சபையில் பாதிப் பேர் கன்னடக்காரர்கள். பாஸ்டர் தமிழில் பேசப் பேச ஒருவர் பக்கத்தில் நின்று கன்னடத்தில் சொல்வார். பாட்டு இரண்டு மொழியிலும் உண்டு, சில சமயம் தெலுங்கிலும் ஒன்று பாடுவோம். எனக்குப் பட்டறைக் கன்னடம் தெரியும். வா, போ, தூக்கு, இறக்கு, சாப்பிட்டாயா, அவ்வளவுதான். ஜெபத்தில் வருகிற கன்னடம் பாதிக்கு மேல் புரியாது. புரிந்த இடத்தில் ஆமென் சொல்வேன், புரியாத இடத்திலும் சொல்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். எனக்கு அன்று காலை ஷிப்ட் இல்லை. வழக்கம்போல என் குறிப்பு வந்தது. அன்றைக்கு எனக்காக ஜெபித்தவர் ஒரு கன்னடத்து அம்மா. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், கணவர் இல்லை, கால்நடைப் பண்ணைப் பக்கம் நாலு வீடுகளில் வேலை செய்கிறவர். அவர் ஜெபித்தால் சுற்றி வளைக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் கேட்பது போலக் கேட்டார்.

“தந்தெயே, ஈ அண்ணனிகெ தாள்மெ கொடு.”

ஒரு தடவை சொல்லி விடவில்லை, மூன்று தடவை சொன்னார். என் காதில் அது தமிழாகவே விழுந்தது. எங்கள் பக்கம் ழ யாருக்கும் ஒழுங்காக வராது. வாழைப்பழம் வாளப்பளம்தான். தாழ்மையும் தாள்மைதான். ‘தந்தையே, இந்த அண்ணனுக்குத் தாழ்மை கொடு.’ இந்த அண்ணன் என்றது என்னை; அவர் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். சுற்றியிருந்த எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் மட்டும் சொல்லவில்லை.

ஆறு வருடமாக நான் சபையில் யாரிடமும் சொல்லாத விஷயம் இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? அண்ணன் மனசு இளகட்டும் என்றல்லவா எல்லோரும் கேட்பார்கள்! இவர் அண்ணனை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாரே. கர்த்தரே அவருக்கு வெளிப்படுத்திவிட்டார் என்று பயந்துபோனேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“சரியாத்தான் கேட்டிருக்காங்க” என்றாள்.

“நீ ஏன் இத்தனை வருசம் சொல்லல?”

“வாயே தொறக்காத மனுசன் ஒரே ஒரு நாள் தொறந்தீங்க. அதுவும் அந்த வார்த்தைக்கு. நான் என்னத்தச் சொல்ல?”

அடுத்த நாளே கிளம்பினேன். கிருஷ்ணகிரியில் பஸ் மாறி ஊத்தங்கரை வரைக்கும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நான் ஐந்தாவது வரை படித்தவன், வேதத்தை இன்றைக்கும் விரல் வைத்துத்தான் வாசிக்கிறேன். நீளமாக யோசித்து வைத்தால் மறந்துவிடும் என்று இரண்டே வாக்கியம் வைத்திருந்தேன்.

அண்ணன் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிலம் இருக்கிற கொல்லைப் பக்கம் நடந்துவிட்டார். அண்ணி தண்ணீர்த் தொட்டியிடம் நின்றிருந்தார். அவரிடம் என் இரண்டு வாக்கியத்தைச் சொன்னேன். அன்னைக்கு நான் சொன்ன வார்த்தை தப்பு. என்னை மன்னிச்சிடுங்க அண்ணி.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“யாராவது சொல்லிக் குடுத்து வந்தியா, நீயா வந்தியா?”

நானாக வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. ஒரு அம்மா ஜெபித்ததைச் சொன்னேன்.

“அந்த அம்மாவுக்கு ஆறு வருசம் கழிச்சுத்தான் தோணுச்சாக்கும்” என்றார் அண்ணி. பிறகு குரலை இறக்கி, “உனக்கு ஒண்ணு தெரியுமா தம்பி? அன்னைக்கு நீ சொன்னத நாங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எங்க பொண்ணு கல்யாணத்துல சித்தப்பன் எங்கேன்னு அத்தனை பேரும் கேட்டாங்க. ஷிப்ட்டு, லீவு கெடைக்கலன்னு உங்கண்ணன் ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு நின்னு சொன்னாரு. நான் பேசாத தம்பிக்காக எதுக்குப் பொய் சொல்றேன்னு ராத்திரி அவரே அவரைத் திட்டிக்கிட்டாரு” என்றார்.

தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணனின் கல்மனதை நான் வாரா வாரம் ஒரு சபைக்கே அறிவித்துக்கொண்டிருந்தேன். அவர் என் வார்த்தையை ஊருக்குத் தெரியாமல் மூடி வைத்திருந்தார்.

அண்ணி உள்ளே போய்த் தட்டோடு வந்தார். “இது யாருக்கும் படைக்கல. வெறும் சோறு. தின்னுட்டுப் போ.” கேலியா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். தின்றேன். மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தும் அண்ணன் கொல்லையிலிருந்து வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். நீங்கள் எனக்குத் தாழ்மை கேட்டு ஜெபித்தீர்கள், நான் ஊருக்குப் போய் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்றேன். அவர் விழித்தார். மொழிபெயர்க்கிறவரைக் கூப்பிட்டார். மொழிபெயர்ப்பவர் எங்கள் இருவரையும் விசாரித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

“பிரதர், அவங்க கேட்டது தாழ்மை இல்ல. தாள்மெ. கன்னடத்துல அப்படின்னா பொறுமை. உங்கண்ணன் மனசு மாறுற வரைக்கும் நீங்க பொறுமையா இருக்கணும்னு கேட்டிருக்காங்க.”

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அப்படியானால் வெளிப்பாடு ஒன்றுமில்லையா? அந்த அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாதா? என் காது செய்த தப்பை நம்பியா நான் ஊத்தங்கரை வரைக்கும் போய் வந்தேன்?

அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தமக்குத் தெரிந்த தமிழில், “நான் கேட்டது பொறுமை அண்ணா. தேவரு கொடுத்தது வேற. அவரு கிட்ட போய்க் கேளு, என் கிட்ட கேக்காதே” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நாள் கணக்காக அதை யோசித்தேன், கல்லில் துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதும் யோசித்தேன். ஆறு வருடம் நான் காத்திருந்தேன் என்பது உண்மை. ஆனால் அண்ணன் வந்து என்னிடம் பேசட்டும் என்று காத்திருந்தேன். அதைப் பொறுமை என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஓசூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனை யாராவது பொறுமைசாலி என்பார்களா? அவன் ரோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். தாழ்மை என்று காதில் விழுந்ததால் நான் ரோட்டுக்கு வந்தேன். அந்த அம்மா கேட்ட பொறுமை இனிமேல்தான் எனக்குத் தேவைப்படும்.

அடுத்த வாரம் ஜெபக் குறிப்பு நேரத்தில் பாஸ்டர் என் பெயரைச் சொல்லும் முன்னால் எழுந்து நின்றேன். படையலன்று நான் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். அண்ணன்மேல் தப்பில்லை, இனிமேல் அவர் மனசுக்காக ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னைப் பார்க்கிற பார்வையில் அந்தப் பழைய மரியாதை இல்லை. கொஞ்ச நாள் அது இல்லாதது உறுத்தியது.

அதன்பின் மாதம் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போக ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறையும் அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவார். நான் அண்ணியோடு நாலு வார்த்தை பேசிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்புவேன். மூன்றாவது தடவை திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். ஐந்தாவது தடவை போக மனதே இல்லை, மனைவிதான் பையைக் கையில் கொடுத்துத் தள்ளிவிட்டாள். சபையில் பாடும்போது நம்பிக்கை என்ற சொல் எளிதாக வருகிறது. கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது அவ்வளவு எளிதாக இல்லை. அங்கே நான் பெரிதாக ஒன்றும் ஜெபிக்கவில்லை. இந்தத் தடவையும் போகிறேன் ஆண்டவரே, அவ்வளவுதான்.

ஏழாவது தடவை போனபோது வாசலில் யாரும் இல்லை. கொல்லையில் சத்தம் கேட்டது. போர் மோட்டார் எரிந்துபோய், அண்ணனும் பக்கத்துக் காட்டில் விவசாயம் பார்க்கிற இரண்டு பேரும் கருப்புப் பைப்பை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். நானூறு அடிக்குக் கீழே மோட்டார். பாதி வந்து பாரம் தாங்காமல் திணறிக்கொண்டிருந்தார்கள். பைப் வழுக்கினால் அத்தனையும் உள்ளே போய்விடும். நான் வரப்பில் வழக்கம்போல என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

“நின்னு வேடிக்கை பாக்குறியே, பைப்பைப் புடிடா” என்றார் அண்ணன்.

யாரிடம் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. ஓடிப் போய்ப் பிடித்தேன். ஈரப் பைப், கை வழுக்கியது.

“இருவத்தஞ்சு வருசம் இரும்பு புடிச்ச கை இதானா? ஓசூர்ல சோறு போடுறாங்களா, பஞ்சு மிட்டாய் போடுறாங்களா?”

பக்கத்துக் காட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நான் இழுத்தேன். மோட்டார் மேலே வந்து தரையில் கிடந்ததும் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே வீட்டுக்கு நடந்தார். சாப்பிடும்போது அண்ணியிடம், என் காதில் விழும்படி, “மோட்டாரு வைண்டிங் பண்ணி வர வியாழக்கிழமை ஆவும். இறக்க ஆளு வேணும்” என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, பேசினாரா என்று கேட்டாள்.

“திட்டினாரு.”

“அப்ப பேசிட்டாருன்னு சொல்லுங்க.”

வியாழக்கிழமை எனக்குப் பகல் ஷிப்ட். திங்களன்றே சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். என்ன விசேஷம் என்றார். “எங்கண்ணன் வரச் சொல்லியிருக்காரு” என்றேன். அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னது விசுவாசமா பொய்யா என்று யோசிப்பதற்குள் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.