ரைடரின் அம்மா

அந்த அம்மா என் முழங்காலைத்தான் முதலில் பார்த்தார். வெதுருகுப்பம் தாண்டி மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்த அவர்கள் வீட்டுக்கு நான் போனபோது வாசல் முழுக்க வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற எனக்காக ஒரு பக்கம் கடலையை ஒதுக்கி வழி செய்துவிட்டு, உள்ளே பாய் விரித்தார். வலது காலை மடித்து, இடது காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர், "இன்னா மேடம், அந்தக் கால் மடங்காதா?" என்று கேட்டார். இந்த வேலைக்காக எத்தனையோ வீடுகளில் பாயில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் அதைக் கவனித்ததில்லை. "முழுசா மடங்காதும்மா, விளையாடும்போது போனது" என்றேன். அவர் கதவோரம் நின்றிருந்த மகளின் முழங்காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

திருப்பதியில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் உடற்கல்வி ஆசிரியை. கபடி அணி என் பொறுப்பு. இண்டர், அதாவது ப்ளஸ் டூ, முடிக்கப்போகும் பெண்களில் நல்ல ரைடர்களைத் தேடி ஆண்டுதோறும் சித்தூர், பலமனேர், ரேணிகுண்டா என்று மைதானம் மைதானமாக அலைவது என் வேலையில் பாதி. எதிரணியின் களத்துக்குள் தனியாகப் பாடிக்கொண்டே போய், ஒருத்தியையாவது தொட்டுவிட்டு, அத்தனை பேர் கைக்கும் தப்பித் திரும்புகிறவள்தான் ரைடர். பிடிப்பவர்களைப் பழக்கி உருவாக்கிவிடலாம். ரைடரைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் வேண்டும். வேகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நான் இடுப்பைப் பார்ப்பேன். போகிற திசையை உடம்பு ஒன்றாகச் சொல்ல, கால் வேறாகப் போகிறதா என்று பார்ப்பேன். பிடிபட்ட பிறகு அவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பேன். சிலர் பிடி விழுந்ததும் உடம்பைத் தளர்த்திவிடுவார்கள். சிலருடைய கை மட்டும் கடைசி நொடி வரைக்கும் நடுக்கோட்டைத் துழாவிக்கொண்டிருக்கும்.

சித்தூரில் நடந்த பள்ளிகளுக்கான போட்டியில்தான் அந்த அம்மாவின் மகளைக் கண்டேன். காலையில் வைத்த ஓட்டத்தில் அவள் கடைசிக்கு முன்னால் வந்தாள். கூட வந்திருந்த மற்ற கல்லூரிக்காரர்கள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மாலையில் ஆட்டம் தொடங்கியது. செம்மண் தரை. அவள் அவசரமே இல்லாமல் உள்ளே போனாள். மூலையில் நின்றவள் கணுக்காலுக்குப் பாய்ந்தபோது அந்தக் கால் அங்கே இல்லை. அடுத்த முறையும் இல்லை. அதற்கடுத்த முறை மூன்று பேர் சேர்ந்து அவளை மண்ணில் அமுக்கினார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து கோட்டைத் தேடியது. எட்டவில்லை. நான் என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளுடைய ஊர் எது என்று விசாரிக்கப் போனேன். ஆட்டம் முடிவதற்குள் மற்றவர்களும் அதையே விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முன்பே இரண்டு கல்லூரிகள் அந்த வீட்டுப் பாயில் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தன. ஒருவர் நல்ல ஷூவும் டிராக் சூட்டும் தருவதாகச் சொல்லியிருந்தார். இன்னொருவர் செல்போன். பெண்ணின் நைனா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். போனில் அவரிடம் பேசியபோது, "அது இன்னா சொல்லுதோ அதான்" என்று மனைவியின் பக்கம் தள்ளிவிட்டார். கூலி வேலைக்குப் போய், பிறகு கொஞ்சம் நிலம் கிடைத்து, அதில் கடலை போட்டு மகளை இண்டர் வரை கொண்டுவந்தவர் அந்த அம்மா. நான் சொல்ல வந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"ஷூ, போனு எல்லாம் அவங்களும் தர்றேன்னாங்க மேடம். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்களுக்குப் போன மாதிரி இவளுக்கும் கால் போச்சின்னா, சோறு போட்டுப் படிக்க வெப்பீங்களா, ஊட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

என் கால் போனபோது நான் படித்த கல்லூரி, அந்தப் பருவம் முடிவதற்குள் என் ஹாஸ்டல் கட்டிலை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டது. அப்பா என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடக்க, நான் பின்னால் நொண்டிக்கொண்டே போனேன். மீதிப் படிப்பை அஞ்சல் வழியில்தான் முடித்தேன். அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். "அதான் கேக்கறேன்" என்றார். எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "காயிதம் இன்னாத்துக்கு? இவ எதிர்ல வாயால சொல்லுங்க" என்றார். அந்தப் பெண்ணைப் பார்த்து, கால் போனாலும் டிகிரி முடிக்கிற வரைக்கும் நீ எங்கள் ஹாஸ்டலில்தான் இருப்பாய் என்று சொன்னேன். திரும்பி வரும் பஸ்ஸில்தான் அப்படிச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை என்பது உறைத்தது. மறுநாள் கல்லூரி கரஸ்பாண்டென்டிடம் சொன்னேன். பார்க்கலாம் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அந்த அம்மா அதோடு விடவில்லை. ஒரு நாள் மதியம் யாருக்கும் சொல்லாமல் கல்லூரிக்கு வந்து நின்றார். ஹாஸ்டல் மெஸ்ஸில் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று சமையல்காரரிடமே சொன்னார். மாடிக்குப் போய்க் குழாய்களைத் திறந்து பார்த்தார். குளியலறைக் கதவுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தார். ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. "தாப்பா போடுங்க, அனுப்பறேன்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு ரைடருக்காகத் தாழ்ப்பாள் வாங்கக் கடைக்குப் போன உடற்கல்வி ஆசிரியை இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் அந்தத் தாழ்ப்பாளைப் பொருத்தியபோது, அங்கே தங்கியிருந்த பெண்கள் இத்தனை நாள் ஒருத்திக்கு ஒருத்தி காவல் நின்று குளித்தார்கள் என்று தெரிந்தது. நான் தினமும் போய்வரும் ஹாஸ்டல் அது.

மகள் வந்தாள். முதல் ஆண்டிலேயே கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் எங்கள் அணி அவளை நம்பி ஆடத் தொடங்கியது. இரண்டாம் ஆண்டு, ஒரு அரையிறுதி ஆட்டம். தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். மூலையில் இருந்தவள் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். அதே நொடியில் இன்னொருத்தி பக்கவாட்டில் வந்து விழுந்தாள். கால் மண்ணில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலில் எழுந்த அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஓடிப் போனபோது அவள் அழவில்லை. "மேடம், அம்மாகிட்ட நீங்க சொல்லாதீங்க, நான் சொல்றேன்" என்றாள். லிகமெண்ட் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை ஆயிற்று. ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த அம்மா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். மகளின் நெற்றியைத் தடவிவிட்டு, வராண்டாவுக்கு வந்து, "சொன்னது ஞாபகம் கீது இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

கட்டுப்போட்ட காலோடு அவள் ஹாஸ்டலில் இருந்த மாதங்களில் அடுத்த ஆண்டுக்கான தேடல் தொடங்கிவிட்டது. பள்ளிகளிலிருந்து ஆட்டங்களைப் போனில் படம்பிடித்து அனுப்புவார்கள். சும்மா படுத்துக் கிடக்கிறாளே என்று அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். என்னைவிடக் கறாராக இருந்தாள். "இவ வேகமாத்தான் போறா மேடம். ஆனா எப்பவும் வலப்பக்கமாவே திரும்புறா, ரெண்டு ஆட்டத்துல கண்டுபுடிச்சிடுவாங்க" என்பாள். நான் ஒதுக்கிய ஒரு படத்தை ஒருநாள் மறுபடி ஓடவிட்டு, "இதைப் பாருங்க. புடிச்சதுக்கு அப்புறமும் கை தேடிக்கினே கீது" என்று காட்டினாள். பலமனேர்ப் பெண். அவள் சொன்னது சரி. நேரில் போய்ப் பார்த்தேன். அந்த ஆண்டின் சிறந்த ரைடர் அந்தப் பெண்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

கரஸ்பாண்டென்டிடம் சொன்னதும் அவருக்குச் சந்தோஷம். அதே மூச்சில், அப்படியானால் அந்தப் பழைய ரைடரின் இடத்தைக் காலி செய்துவிடலாம் என்றார். விளையாட்டு இடம் விளையாடுகிறவர்களுக்குத்தான்; கட்டிலும் கட்டணச் சலுகையும் ஆடாதவளுக்கு எதற்கு? நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அது உங்கள் வாக்கு, கல்லூரியின் வாக்கு இல்லை என்றார். அவளை அனுப்பினால் நானும் போய்விடுவேன் என்று சொன்னேன். ஒப்புக்குச் சொல்லவில்லை. வீட்டில் கணவரிடமும் பேசி வைத்திருந்தேன். கரஸ்பாண்டென்ட் சிரித்தார். ரைடர் போனால் இன்னொரு ரைடர், பி.டி. போனால் இன்னொரு பி.டி. என்றார். கூடத்தில் நடந்த இந்தப் பேச்சு அவள் காதுக்கும் எட்டிவிட்டது. தன் கட்டிலுக்கு வரப்போகிறவளைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறாள் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. கேட்டேன். "நல்ல ரைடரை நல்ல ரைடர்னுதானே சொல்லணும் மேடம்" என்றாள்.

பலமனேர்ப் பெண்ணைச் சேர்ப்பதற்கு அவளுடைய தகப்பனார் வந்தார். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். கொஞ்சம் தக்காளியும் பயிரிடுகிறார். கரஸ்பாண்டென்டின் அறையில் நானும் இருந்தேன். எல்லாம் பேசி முடிந்து, பெண் பேனாவைத் திறந்தபோது அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"சார், உங்க டீம்ல கால் போன பொண்ணு ஒண்ணு கீதாமே. அது இப்ப எங்க தங்குது?"

கரஸ்பாண்டென்ட் என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்தேன். இங்கே, ஹாஸ்டலில்தான் என்றார். பார்க்கலாமா என்று கேட்டார் அந்தத் தகப்பனார். ஆள் அனுப்பி அழைத்தோம். ஊன்றுகோலோடு வாசலில் வந்து நின்றாள். "நீ இங்கதான் கீறியாம்மா? படிப்பு முடியற வரைக்கும் இங்கதான?" என்று கேட்டார். அவள் கரஸ்பாண்டென்டை நேராகப் பார்த்தாள். கடைசியில் அவர்தான், ஆமாம், முடிக்கிற வரைக்கும் இங்கேதான் என்று தன் வாயால் சொன்னார். அன்று மாலையே அவளுடைய ஹாஸ்டல் அறையில் இன்னொரு கட்டில் போடப்பட்டது.

அந்தத் தகப்பனாருக்கு யார் சொன்னது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் வெதுருகுப்பத்துப் பெண்ணே சொல்லிவிட்டாள். அவள் தன் அம்மாவிடம் போனில் அழுதிருக்கிறாள். அம்மா மறுநாள் வேலைக்குப் போகாமல், சித்தூரில் பஸ் மாறிப் பலமனேர் போயிருக்கிறார். அந்தப் பக்கம் அவர் அதுவரை போனதே இல்லை. விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்து, அங்கே சேர்க்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை மட்டும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. போனில், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன். "நீங்க அங்க வேல செய்றவங்க மேடம். நீங்க கேட்டா அவருக்குக் கோவம்தான் வரும், பதில் வராது" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணுக்கும் ரெண்டு காலுதானே" என்றார்.

இன்று அந்த மகள் சித்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நல்ல ரைடர் கண்ணில் பட்டால் முதல் போன் எனக்குத்தான் வரும். எங்கள் கல்லூரியிலும் இப்போது அடிபட்ட பெண்களை யாரும் அனுப்புவதில்லை. கரஸ்பாண்டென்ட் அதைப் புதிதாகச் சேர வருபவர்களிடம் தன் ஏற்பாடு போலப் பெருமையாகச் சொல்கிறார். சொல்லட்டும். நான் மட்டும், எந்த ஊர் மைதானத்தில் உட்கார்ந்திருந்தாலும், ஆட்டக்காரியைப் பார்த்த பிறகு கூட்டத்தில் அவளுடைய அம்மா எங்கே இருக்கிறார் என்றும் தேடுகிறேன். பெரும்பாலும் வந்திருக்க மாட்டார்கள். அந்த அம்மாவும் வந்தது ஒரே ஒரு முறைதான்.

அது மகளின் கடைசி ஆண்டு. கால் தேறி, மருத்துவர் சரி என்று சொல்லி, நான் பயந்து பயந்து அவளை இறக்கிய முதல் ஆட்டம் சித்தூரில் நடந்தது. பார்வையாளர்களோடு உட்காராமல், மரத்தடியில் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு அந்த அம்மா நின்றார். மகள் பாடிக்கொண்டு உள்ளே போனாள். பழைய வேகம் இல்லை. மூலையில் இருந்தவள் பாய்ந்து அதே காலைப் பிடித்தாள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். என்னால் பார்க்க முடியவில்லை, மரத்தடியைத்தான் பார்த்தேன். அந்த அம்மா அசையவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை. குவியல் ஒவ்வொருத்தியாகக் கலைந்தது. அடியில் கிடந்தவள் இரண்டு கையையும் ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து, பாவாடைத் துணியில் தட்டுவதுபோலத் தொடையில் மண்ணைத் தட்டிவிட்டு, ஆட்டமிழந்தவர்கள் உட்காரும் இடத்துக்கு நடந்து போனாள்.

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "எழுந்துட்டா. நான் கெளம்பறேன் மேடம், வெதுருகுப்பம் பஸ்ஸு போயிடும்" என்றார். ஆட்டம் இன்னும் பாதிகூட ஆகவில்லையே, இருந்து பாருங்கள் என்றேன். "அத நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சாலைப் பக்கம் வேகமாக நடந்தார். நான் திரும்பினேன். பலமனேர்ப் பெண் உள்ளே போயிருந்தாள். ஒருத்தியைத் தொட்டுவிட்டு, கையை நீட்டிக்கொண்டே வந்து கோட்டில் விழுந்தாள். நடுவர் விசில் ஊதிப் புள்ளியைக் காட்டினார். அந்தப் புள்ளிக்கு எங்கள் பக்கம் வெளியே இருந்த ஒருத்தி மீண்டும் ஆடலாம். உட்கார்ந்திருந்தவள் எழுந்து உள்ளே வந்தாள்.