என் தோளுக்கு அளந்த பை

எங்கள் வீட்டுப் பெண்களில் காலையில் குடை எடுத்து வெளியே இறங்குகிறவள் கொழுந்தனின் மனைவி ஒருத்திதான். மார்த்தாண்டத்தில் டீச்சர். நான் மூத்த மருமகள், ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவள் பஸ் ஏறிய பிறகு அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவுவேன். கொஞ்சம் சத்தமாகவே கழுவுவேன்.

ஒருநாள் மாமியார் சொன்னார்: "ஏட்டி, அவ ஒரு கையில குடையும் மறுகையில நோட்டுக்கட்டுமா பஸ்ஸுல ஆடிட்டுப் போறா. குறுக்க போடுகதுக்கு ஒரு பை தச்சுக் குடு. மிஷின் சும்மாத்தானே கெடக்கு?"

சும்மாவாம்! வீட்டிலுள்ளோர் சட்டையெல்லாம் யார் தைத்தது?

தைக்கச் சம்மதித்ததும் பயம் பிடித்தது. தையல் விட்டு நோட்டெல்லாம் பஸ்ஸில் சிதறினால், பொறாமையில் தைத்தாள் என்பார்கள். அது பொய்யுமல்ல. அதனால் காக்கித் துணியைத் தண்ணீரில் முக்கி, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கட்டும் என்று காயப்போட்டேன். பழைய பேப்பரில் வடிவம் வெட்டி, நோட்டின் அகலத்துக்கு இரண்டு விரல் கூட்டினேன். அடியில் இரட்டைத் துணி, மழைக்கு மேல்மூடி, சில்லறைக்கு உள்ளே ஒரு சின்னப் பை. வார் சேரும் இடத்தில் கட்டம் போட்டு, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகத் தையல்.

வாரின் நீளத்துக்கு அவளை நிறுத்தி அளந்திருக்க வேண்டும். அந்தக் கஞ்சி போட்ட சேலைமேல் டேப்பை வைத்துக் குனிய என்னால் முடியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று என் தோளிலிருந்து இடுப்புக்கு ஒரு கயிறு போட்டு அளந்துகொண்டேன்.

மறுநாள் காலை அவள் பையைப் போட்டாள். முழங்காலில் போய் இடித்தது. அவள் என்னைவிட ஒரு சாண் குட்டை.

"உனக்க தோளுக்கு அளந்தியா?" என்று மாமியார் கேட்டார்.

என் கணவர் காப்பியை வைத்துவிட்டுச் சிரித்தார். "இவளும் பள்ளிக்கூடத்துக்குப் போகப் போறா போல."

அவள் மட்டும் சிரிக்கவில்லை. தோளில் வாரை முடிச்சுப் போட்டுக்கொண்டு, "பஸ்ஸு வந்துரும் அக்கா, சாயங்காலம் பாப்போம்" என்று ஓடினாள். சிரித்திருந்தால் திட்டவாவது முடிந்திருக்கும்.

சாயங்காலம் நான் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தபோது கையைப் பிடித்தாள். "அறுக்காண்டாம் அக்கா. உங்களுக்குச் சரியா இருக்கில்லா? நீங்க வச்சிக்கிடுங்க, எனக்கு வேற தாங்க."

தானம் கொடுக்கவும் அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது! அவளை நிறுத்தி, தோளில் டேப்பை வைத்து அடுத்த பைக்கு அளவெடுத்தேன்.

சனிக்கிழமை என் பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன். உள்ளே ஒரு கைக்குட்டையும் வீட்டுச் சாவியும் கொஞ்சம் சில்லறையும்தான். மீன்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டீச்சரே, நல்ல சாளை. பாத்துட்டுப் போங்க."

நான் டீச்சர் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. டீச்சர்மார் பேரம் பேசுவார்களா என்றும் தெரியவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தேன். மீனை ஓலைப்பெட்டியில் வாங்கி, பைக்கு வாடை பிடித்துவிடுமோ என்று வழியெல்லாம் கையை நீட்டிப் பிடித்தபடியே நடந்தேன்.