ஒரு வாளி கல்யாணச் சோறு

ஆறிப்போன கல்யாணச் சோற்றின் வாசம் வந்தால் இன்றும் நான் எழுந்து தள்ளிப் போய்விடுவேன். சமையலைக் குறை சொல்லவில்லை நண்பர்களே... காரணம் ஓர் ஆடு.

ஆபீஸ் வேலை போயிருந்த சமயம். செம்பாக்கத்தில் வாடகை வீடு. மூன்று நாள் ஆடு வளர்ப்புப் பயிற்சிக்குப் போய் நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். அதை நம்பி, இரும்புலியூர் செல்வி அக்கா தன் ஆட்டை வாரத்துக்கு விட்டார். ஆடு அவருடையது, வளர்ப்பது நான், குட்டியில் ஆளுக்குப் பாதி. நாலு மாதச் சினை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து மண்டபத்தில் மீந்த சோற்றை ஒரு வாளி கொடுத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி, நன்றாகச் சாப்பிடட்டும் என்று மொத்தத்தையும் கொட்டினேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை!

மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால்... இடது பக்கம் வயிறு புடைத்து நிற்கிறது. பல்லை நறநறவென்று கடிக்கிறது. அசை போடவே இல்லை. ஓடிப்போய் நோட்டைப் புரட்டினேன். 'சோறு அதிகம் போட்டால் உயிருக்கு ஆபத்து'... என் கையெழுத்தேதான்.

அக்காவுக்குச் சொல்லி, அவர் ஆட்டோ பிடித்து வந்து பக்கத்தில் நிற்க, மாட்டு டாக்டருக்கு போன் போட்டு, சோறு தின்று வயிறு உப்பியிருப்பதைச் சொன்னேன்.

"சோறு எவ்ளோம்மா போட்டீங்க?"

"கொஞ்சம்தான் சார்... ஒரு கைப்பிடி."

பொய். அக்கா திட்டுவாரே என்ற பயம்.

"அப்போ ஆப்ப சோடா கரைச்சு ஊத்துங்க, சாயந்தரம் வந்து பாக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

சோடா ஊற்றியும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆடு கால் மடங்கிச் சாய்ந்தது. அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னாடி ஆச்சு உனக்கு... எய்ந்திரு கண்ணு" என்று அழுதார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அவர் எதிரிலேயே மறுபடி போன் போட்டேன்.

"சார், வாளி நிறைய போட்டேன்..."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

டாக்டர் பைக்கில் பறந்து வந்தார். டியூப், ஊசி, மருந்து... ஆடு பிழைத்துவிட்டது. ஆனால் மூன்றாம் நாள் சினை கலைந்தது. இரண்டு குட்டிகள், இரண்டுமே பெட்டை. அக்கா திட்டவே இல்லை. ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று கூடுவாஞ்சேரி பக்கம் என் கொட்டகையில் இருபது ஆடுகள். தினமும் காலையில் ஒவ்வொன்றின் வயிற்றையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் காபி. அன்றைக்கு எதற்கெடுத்தாலும் பயம், இன்று ஊசிகூட நானே போடுகிறேன்.

இப்போதும் அதே டாக்டர்தான் வருகிறார். முதல் போனிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் குட்டிகள் பிழைத்திருக்குமா என்று ஒவ்வொரு முறையும் கேட்க நினைப்பேன். மோர் கொடுத்து அனுப்பிவிடுவேன். அவர் "ஆமா" என்று சொல்லிவிட்டால்?