பத்மாக்கா கட்டிய அஞ்சாவது படி

பத்மாக்கா முந்தாநாள் மத்தியானம் போய்விட்டார்.

சாப்பிட்டுவிட்டு சேரில் உட்கார்ந்தவர்தான்... எழுந்திருக்கவே இல்லை. போன் வந்தபோது நான் ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். டிரெயின் வந்தது, போனது. ஏறத் தோன்றவில்லை.

செங்கல்பட்டு ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட் அவர். "இன்னாடி செல்வி, இதுக்குப் பேரு புளிக்குழம்பா?" என்று திட்டிக்கொண்டே என் டப்பாவைக் காலி செய்கிற ஒரே ஆள்.

அவருக்கு ஒரே பையன், கார்த்திக். தொண்ணூறுகளில் அவர் வீட்டுக்குப் போனால் கால் வைக்க இடம் இருக்காது. தரை முழுக்க பிளாஸ்டிக் பிளாக்ஸ். ஒன்றின் மேல் ஒன்று மாட்டி வீடு, கார் எல்லாம் கட்டுவார்களே, அதுதான். வெறுங்காலில் மிதித்துப் பாருங்கள், உயிர் போகும்.

அந்தப் பையன் வளர்ந்து, படித்து, கனடாவுக்கு வேலைக்குப் போனான். அக்காவுக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. விசா கிடைக்கவில்லை. மறுபடி முயற்சி செய்தார். அதுவும் இல்லை.

அன்றைக்கு லஞ்சில் டப்பாவைத் திறக்கவே இல்லை. "எம்புள்ள எந்த மாதிரி எடத்துல கீறான்னு நான் கண்ணால பாக்கக் கூடாதா செல்வி?" என்றார். ஆபீஸில் அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு ஒரு முடிவு எடுத்தார். அவன் ஊரையே கொலுவில் கட்டிவிடுவது. அங்கே வருஷத்துக்கு நாலு சீசனாம். சீசனுக்கு ஒரு படி. எல்லாமே கார்த்திக்கின் பழைய பிளாக்ஸில்தான். பிஸ்கட் டின்களில் போட்டுப் பரண்மேல் பத்திரமாக வைத்திருந்தார், மகராசி.

லீவு நாளில் எல்லாம் அவர் வீட்டில்தான் கிடந்தேன். கார்த்திக் போனில் சொல்லச் சொல்ல, அக்கா எனக்குச் சொல்ல, நான் மாட்ட வேண்டும்.

"இலையெல்லாம் ஆரஞ்சு கலராம்டி."

"தண்ணி ஊத்த மாட்டாங்களாக்கா?"

"வெயில் வந்தா பார்க்ல போய் வேணும்னே படுத்துப்பாங்களாம்."

"நம்ம ஊரு கத்திரி வெயில்ல ஒரு நாளு படுத்துப் பாக்கச் சொல்லு அவங்கள!"

பெரிய பேஜாரு பனிதான். வெள்ளை பிளாக்ஸ் போதவில்லை. பஞ்சு ஒட்டலாம் என்றேன். முறைத்தார். "பஞ்செல்லாம் வேணாம், அவன் வெளையாடுன மாதிரி பிளாக்ஸ்லதான் கட்டணும்." கேளம்பாக்கம் வரை பஸ்ஸில் போய்க் கடை கடையாக ஏறி இறங்கியவள் நான். கிடைக்கவில்லை. கடைசியில் கார்த்திக்கே போனில் சிரித்தான். "அம்மா, பனி விழும்போதுதான் வெள்ளை. வண்டி ஓடி ஓடி ரோடெல்லாம் அழுக்குச் சாம்பல் கலராயிடும்." சாம்பல் கலர் எங்களிடம் டின் நிறைய இருந்தது. அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே அன்றைக்கு!

சின்ன பொம்மை மனுஷன் ஒருவன் இருந்தான். அவன்தான் கார்த்திக். "அவன் ஜாக்கெட் செவப்புடி" என்று என் ஹேண்ட்பேக்கில் இருந்த நெயில் பாலீஷை எடுத்துப் பூசிவிட்டார்.

எல்லாம் முடிந்து நிமிர்ந்தால், கீழ் வீட்டு மாமி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "அய்யய்யோ பத்மா... நாலு படி வெச்சிருக்கியே? கொலுன்னா ஒத்தப்படையில இல்ல வைக்கணும்?"

நானும் எண்ணிப் பார்த்தேன், நாலேதான். வருஷா வருஷம் கொலு வைக்கிற மனுஷி, சீசன் மயக்கத்தில் படியை மறந்துவிட்டார்! விடிந்தால் கொலு. ஒன்றை எடுக்க மனசில்லை. எந்த சீசனை எடுப்பது?

"இன்னொண்ணு கட்டுக்கா" என்றேன். "அடியில நம்ம ஊரக் கட்டு. ஐப்பசி மழை, ஏரி, உன் வூடு."

மிச்சம் மீதி பிளாக்ஸ் எல்லாம் அதில் போனது. நீலத்தில் கொளவாய் ஏரி. கரையோரம் ஒரு டிரெயின். பச்சை பாதி மஞ்சள் பாதியாக ஒரு வீடு. கதவு மட்டும் கிடைக்கவில்லை. "பரவால்ல, தொறந்தே கெடக்கட்டும்" என்றார் அக்கா.

மேல் படியில் பனியில் நின்ற கார்த்திக்கை இடையிடையே ஒரு படி கீழே இறக்கிக்கொண்டே வந்தார். விஜயதசமி அன்று வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் ஆரத்தி எடுத்த பிறகு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிப்பார்கள் இல்லையா... அக்கா அவனைத்தான் எடுத்தார். அந்த வீட்டுக்குள் படுக்க வைத்தார்.

நாலு சீசனும் டின்னுக்குத் திரும்பிவிட்டது. அஞ்சாவது படியை மட்டும் பிரிக்க விடவில்லை. டிவி பக்கத்து ஷோகேஸில் அப்படியே இருந்தது. அதற்கப்புறம் முட்டி வலி, சுகர்... கனடா பேச்சையே விட்டுவிட்டார்.

இன்று காலை கார்த்திக் வந்து சேர்ந்தான். இந்த வெயிலில் கையில் ஜாக்கெட். ஐஸ் பெட்டி பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் எழுந்துபோய் ஷோகேஸைத் திறந்து அந்த பொம்மையை நிமிர்த்தி நிற்க வைத்தான்.

"ஒவ்வொரு தடவ வரும்போதும் இது விழுந்தே கெடக்கும் ஆன்ட்டி. நான் நிக்க வைப்பேன். அடுத்த தடவ வந்தா மறுபடி விழுந்திருக்கும்."

"விழலப்பா" என்றேன். "உங்கம்மா உன்னைத் தூங்க வெச்சிருக்காங்க."

நெயில் பாலீஷ் பாதி உதிர்ந்துபோன அந்த பொம்மையை எடுத்து, அவனே படுக்க வைத்தான்.

நாளை காலை எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

நிம்மதியா போய்ட்டு வாக்கா... உம்புள்ள வூட்லதான் கீறான்.