வண்டி எழுத்துகளில் தேடிய நீளமான சொல்

எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாயே திறக்காது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் எங்களைப் போன்ற கட்டட வேலைக்காரர்களைச் சரக்கு லாரியின் பின்னால் ஏற்றித்தான் கூட்டிப்போவார்கள். அது எனக்குப் புதிதல்ல. ஊரில் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் டெம்போவில் நின்றுகொண்டே போனவன்தான். எனக்குப் புதிதாக இருந்தது வேறு. சிக்னலில் லாரி நிற்கும்போது பின்னால் வரும் காருக்கும் என் முழங்காலுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கத்தான் இடம் இருக்கும். ஆனாலும் காரில் இருப்பவர்கள் எங்களைப் பார்ப்பதில்லை. எங்களைத் தாண்டி விளக்கைப் பார்ப்பார்கள். எங்கள் திண்டிவனத்தில் அவ்வளவு பக்கத்தில் நின்றால் எந்த ஊர், யார் மகன் என்று கேட்டு, கடைசியில் ஓர் உறவுமுறையையும் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே முகம் பார்க்க ஆள் இல்லாததால் நான் நம்பர் பிளேட்டைப் பார்க்கப் பழகினேன். இந்த ஊர்க் கார்களில் எண்ணுக்கு முன்னால் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும்.

அந்த எழுத்துகளை வைத்து விளையாடும் பழக்கம் ஊரில் ஆரம்பித்தது. லீவில் போகும்போதெல்லாம் மகள் கயலைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு, என் மாமியார் வீட்டுக்கு, பஸ்ஸில் போவேன். எப்போதோ வந்துபோகும் அப்பனிடம் பேச அந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் இருக்காது. எனக்கும் பேச வராது. அதனால் எங்கள் பஸ்ஸை முந்திப்போகும் வண்டியைக் காட்டி, அந்த எழுத்துகள் வருகிற இங்கிலீஷ் வார்த்தை ஒன்று சொல்லச் சொல்வேன். நீளமான வார்த்தை சொன்னவர் ஜெயித்தவர். தோற்றவர் விக்கிரவாண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கித் தர வேண்டும். ஒருநாள் புதுச்சேரி வண்டி ஒன்று போனது. பி, ஒய்.

“ஹேப்பிபர்த்டே” என்றாள்.

“அது ரெண்டு வார்த்தை கண்ணு.”

“நடுவுல கேப் உடாமதான சொன்னேன்? ஜல்தி மல்லாட்ட வாங்குப்பா.”

இப்போது அவள் விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். சாயங்காலம் அவள் திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் நானும் வேலை முடிந்து லாரியில் உட்கார்ந்திருப்பேன். பின்னால் வரும் காரின் மூன்று எழுத்துகளைப் போனில் அனுப்புவேன். இருவரும் வார்த்தை தேடுவோம். சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்டு முடித்த பிறகு எங்களுக்குள் இருக்கிற பேச்சு அது ஒன்றுதான். அதுவும் நின்றுபோனால் நான் அவள் போனில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

அவள் ஸ்காலர்ஷிப் மாதிரி வார்த்தைகளை அனுப்புவாள். எனக்கு வேலையிடத்துப் பலகைகளில் இருப்பதுதான் தெரியும். எஸ், என், பி கிடைத்தபோது டிரெஸ்பாஸிங் என்று அனுப்பினேன். அத்துமீறி நுழைவது. எஸ், எம், பி வந்தபோது அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. நான் கம்பஸ்டிபிள் என்று அனுப்பினேன். தீப்பிடிக்கக்கூடியது. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே பேசி அனுப்பினாள்.

“அப்பா, நீ அனுப்புற வார்த்தைங்க எல்லாமே உள்ள வராத, தொடாத, தள்ளி நில்லுன்னே கீதே. வேற போர்டே இல்லியா அந்த ஊர்ல?”

அதன் பிறகு நானும் தேடிப் பார்த்தேன். நான் போய்வரும் வழியில் வேறு போர்டு இல்லை.

போன மாதம் ஒரு சிக்னலில் வெள்ளைக் கார் ஒன்று பின்னால் நின்றது. கஷ்டமான எழுத்துகள். நான் உதட்டை அசைத்துக்கொண்டு குனிந்து பார்த்தபடி இருந்தேன். காரை ஓட்டிய பெண் போனை எடுத்து என்னைப் படம் பிடித்ததைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலை சூப்பர்வைசர் கூப்பிட்டார். அவர் சீனர். லாரியில் எழுதியிருந்த கம்பெனி நம்பருக்கு அந்தப் பெண் அனுப்பிய புகார் என்று போனை நீட்டினார். அதில் வாய் பாதி திறந்து நான் உட்கார்ந்திருந்தேன். பார்க்க எனக்கே நன்றாக இல்லை.

“வொய் யூ லுக் அட் லேடி?” என்றார்.

நீளமான வார்த்தைகள் என்னிடம் நிறைய இருந்தன. என் மகளோடு விளையாடுகிறேன் என்று சொல்லச் சின்ன வார்த்தைகள் வேண்டியிருந்தன. அவை வரவில்லை. “நோ லேடி சார், நம்பர் சார், கார் நம்பர்” என்றேன்.

அவர் முகம் சட்டென்று மாறியது. சிரித்துவிட்டார். “ஆ, யூ பை லாட்டரி ஆ?” என்றார். இங்கே கார் எண்களைப் பார்த்து நாலு இலக்க லாட்டரி வாங்குகிறவர்கள் உண்டு. பெண்களை வெறிப்பவன் என்ற பெயருக்குச் சூதாடி என்ற பெயர் மேல் என்று நினைத்துத் தலையாட்டினேன். ஆனாலும் புகார் புகார்தான். இனி நான் லாரியின் முன்கோடியில், சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்று உத்தரவானது.

கண்டாச்சிபுரத்து ஏழுமலை, என்னோடு ஒரே அறையில் இருக்கும் பையன், அன்று சாயங்காலம் லாரியில் ஏறும்போதே ஆரம்பித்தான். “இன்னாண்ணே, இந்த வயசுல சைட் அடிச்சிக்கினு வர்றியாமே? அண்ணிக்கு போன் போடட்டா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். போய் முன்கோடியில் உட்கார்ந்தேன். கண்ணுக்கு முன்னால் இரும்புத் தகடுதான் இருந்தது.

போன் அதிர்ந்தது. “எழுத்து எங்கப்பா? விக்கிரவாண்டியே தாண்டிட்டேன்.”

ஒரு பெண்ணை வெறித்தான் என்று அப்பன்மேல் புகார் வந்ததை வயதுக்கு வந்த மகளிடம் எப்படிச் சொல்வது? திரும்பிப் பார்க்கவும் பயம். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எழுத்துகள் இரண்டுதான். டி, என் என்று அனுப்பினேன்.

பதிலுக்கு அவள் குரல் வந்தது. பின்னால் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

“அது நம்ம ஊரு வண்டி ஆச்சே. அப்பா, நீ எங்க கீற?”

மறுநாள் மழை பெய்தது. லாரிக்கு நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டினார்கள். அன்று யாருக்கும் சாலையும் தெரியவில்லை, வண்டி எழுத்தும் தெரியவில்லை.