ஜீப் பேட்டரியில் போன பரீட்சை

தாராவியில் ஒரு சேட்டிடம் ஜீப் ஓட்டுகிறேன். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற படுக்கை வண்டி ஒன்றும் அவரிடம் இருக்கிறது. டூர் போகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்.

என் தங்கச்சி செல்விக்கு நர்சிங் நுழைவுத் தேர்வு நாசிக்கில் வந்தது. லாட்ஜ் செலவு எதற்கு என்று நினைத்து, சேட்டிடம் கேட்டு வாங்கிய அந்த வண்டியோடு முதல் நாளே போய் ஒரு தாபா பக்கம் நிறுத்தினேன். படுக்கை வண்டியின் விளக்குக்கும் ஃபேனுக்கும் ஜீப் பேட்டரியிலிருந்துதான் கேபிள் போகும். இன்ஜினை நிறுத்தினால் பேட்டரி தீர்ந்துவிடாமல் இருக்கக் கேபிளைக் கழற்றச் சொல்லி சேட் எச்சரித்ததைச் செல்வியும் கேட்டிருந்தாள்.

"அண்ணே, கேபிளக் கழட்டலியா?"

"கழட்டுனா இருட்டுல என்னத்தப் படிப்ப, டாக்டரம்மா?"

"நர்சு."

"ஊசி போடுற எல்லாரும் எனக்கு டாக்டர்தாம்ட்டி. டென்ஷன் மத் லே, கவலப்படாமப் படி."

காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம்தான். படுக்கை வண்டியை அவிழ்த்துவிட்டு, தாபாக்காரர்களைக் கெஞ்சித் தள்ளச் சொல்லி, ஸ்டார்ட் செய்து போய்ச் சேர்வதற்குள் தேர்வு மையத்தின் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். செல்வி கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"ஒரு வருசம் போச்சுண்ணே" என்றாள்.

இப்போது படுக்கை வண்டிக்குத் தனி பேட்டரி வைத்துவிட்டோம். இருந்தும், ஜீப்பை நிறுத்தியதும் இறங்கி முதல் வேலையாகக் கேபிளைக் கழற்றிவிடுகிறேன். அடுத்த தேர்வுக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று செல்வியிடம் சொன்னேன்.

"வேண்டாண்ணே, எனக்கு டிரெயின் இருக்கு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே.